நான்கு வரிக்கு ஒரு பூச்சி

எங்கள் ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் எல்லோருக்கும் மூத்தவரான அட்டை அக்காவுக்குப் பதறத் தெரியாது. ஒருமுறை மின்விசிறி கழன்று பக்கத்து மேசையில் விழுந்தபோது, டீயில் தூசி படாமல் கையால் மூடிக்கொண்டு, எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். இப்பேர்ப்பட்டவரிடம் 'த்ரில்' என்ற ஆங்கிலச் சொல்லை ஒப்படைத்த பழைய பதிப்பாசிரியர் குசும்புக்காரராக இருந்திருக்க வேண்டும்.

அக்கா அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தோண்டினார். ஆதியில் அதற்குப் புல்லரிக்க வைக்கும் வேலையே இல்லை. ஈட்டிபோலக் குத்தித் துளை போடுவதுதான் தொழில். ஆங்கிலத்தில் மூக்குத் துளையைக் குறிக்கும் 'நாஸ்ட்ரில்' என்ற சொல்லின் வாலில் அதன் உறவுக்காரன் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறான். பிறகு துக்கமும் பயமும் நெஞ்சைத் துளைப்பதைக் குறிக்க வந்தது, அப்புறம் நடுக்கத்தை. இன்பச் சிலிர்ப்பு என்பது கடைசியில் வந்து வீட்டையே எழுதி வாங்கிக்கொண்ட மருமகன்.

அக்காவின் கணவர் பட்டறையில் இரும்புத் தகடுகளில் துளை போடுகிறவர். விஷயத்தைக் கேட்டதும், "அப்போ முப்பது வருஷமா நான் த்ரில்லுலதான் இருக்கேனா? எனக்கே தெரியல பாரேன்!" என்றாராம்.

எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை; அதற்கு ஒரு சட்டமும் உண்டு. ஓர் அட்டையில் எழுதியதை, எழுதியவர் மட்டுமே அடிக்கலாம். அடித்த இடத்தில் சிவப்பு மையில் கையெழுத்தும் போட வேண்டும். தலைமைப் பதிப்பாசிரியரே ஆனாலும் அடுத்தவர் அட்டையில் ஒரு வரியையும் அடிக்க முடியாது.

புதிய பதிப்பு அச்சுக்குப் போகும் நாளில், 'த்ரில்' இருக்கும் பக்கம் நான்கு வரி வழிந்தது. அக்காவின் மகன் வயதே ஆன புதிய தலைமைப் பதிப்பாசிரியர் அந்தப் பக்கத்தையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"அக்கா, துளை, ஈட்டின்னு இப்ப யாரு பேசுறா? பழைய அர்த்தத்தையெல்லாம் அடிச்சுடுங்க. சிலிர்ப்பு ஒண்ணு போதும்."

"முடியாது சார்."

அந்த அறையில் அக்கா குரல் உயர்ந்து நாங்கள் கேட்டதில்லை. தட்டச்சு நின்றது.

"அச்சகத்துக்காரர் வாசல்ல உக்காந்திருக்காருக்கா."

"டீ வாங்கிக் குடுங்க. பழைய கதை ஒண்ணுல ஈட்டி ஒருத்தன் விலாவுல பாயுது, அங்க இந்த வார்த்தை வருது. படிக்கிற பொண்ணு நம்ம அகராதியைப் புரட்டுது. தமிழ்ல என்னன்னு எழுதும்? குத்து வாங்கினவன் சிலிர்த்துப் போனான்னு எழுதும். பாவம், அவனே சாகப் போறான்!"

பதிப்பாசிரியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரிக்கா, ஒத்துக்கறேன். நாலு வரிக்கு நான் எங்க போக?"

அக்கா பக்கத்தை மேலும் கீழுமாகப் பார்த்தார். சற்றுக் கீழே இலைப்பேன் என்ற பூச்சியின் ஆங்கிலப் பெயர் இருந்தது. அதையும் அவரேதான் எழுதியிருந்தார். இறக்கை மயிர் வரை விவரித்துச் சரியாக நான்கு வரி. சிவப்புப் பேனாவைத் திறந்து அதை முழுசாக அடித்தார். கையெழுத்து கோணிக்கொண்டு போனது.

"என்னக்கா இது! உயிரோட இருக்கிற வார்த்தையைக் கொன்னுட்டு, செத்துப்போன அர்த்தத்தைக் காப்பாத்துறீங்க?"

"பூச்சியை யாரும் தோட்டத்துல போய்ப் பாத்துக்கலாம் சார். இதை எங்க போய்ப் பாப்பாங்க?"

பக்கம் அச்சுக்குப் போனது. ஆறு மாதம் கழித்து, பயிர் நோய்களைப் பற்றிப் படிக்கும் ஒரு மாணவியிடமிருந்து கடிதம் வந்தது: 'எங்கள் செடி முழுக்க இருக்கும் பூச்சி உங்கள் அகராதியில் மட்டும் இல்லையே, ஏன்?'

அக்கா மூன்று பக்கம் பதில் எழுதினார். குற்றம் தன்னுடையதே என்று ஒப்புக்கொண்டு, நீக்கிய நான்கு வரியையும் சிறு எழுத்தில் ஒரு துண்டுத் தாளில் எழுதி, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளச் சொல்லி உறையில் வைத்தார்.

அடுத்த வாரமே மறுமொழி வந்தது. 'ஒட்டிவிட்டேன், நன்றி. எங்கள் கல்லூரி நூலகத்தில் இன்னும் பன்னிரண்டு பிரதிகள் இருக்கின்றன.'

அன்று அக்கா மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டு துண்டுத் தாள்களை அளவெடுத்து வெட்டி வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டார்.