பக்கத்து வீட்டு அங்கிளும் பீரங்கிக் குண்டும்

நான்கைந்து வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை. மலாக்காவில் தங்கா பத்து பக்கம் எங்கள் வரிசை வீட்டின் பின்புறம் சமையலறையை நீட்டிக் கட்ட மண் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். இளவயதில் ராணுவத்தில் இருந்தவர். தாய்லாந்து எல்லைக் காட்டில் கண்ணிவெடி வெடித்து இடது கையில் இரண்டு விரல்களை இழந்தவர். அதன்பிறகு பள்ளி பஸ் ஓட்டி மூன்று பெண்களைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தார். அவர் மனைவி, எங்களுக்கு ஆன்ட்டி, பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் அங்கிள்தான்.

மண்ணுக்குள் துருப்பிடித்த இரும்பு ஒன்று தட்டுப்பட்டது. கான்ட்ராக்டர் அதை மண்வெட்டியால் தட்டிப் பார்த்தார். துணி காயப்போட வந்த அங்கிள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"தட்டாதப்பா. மண்வெட்டிய மெதுவா கீழ வச்சிட்டுத் தள்ளி வா."

"பழைய பைப்புதான் லா அங்கிள்."

"பைப்பு இல்ல. பீரங்கிக் குண்டு. ஜப்பான்காரன் சண்டைக் காலத்துது. இன்னும் வெடிக்கும்."

போலீசுக்கு போன் செய்யச் சொல்லிவிட்டு அவரே வீடு வீடாகப் போனார். தமிழர் வீட்டில் தமிழிலும் மலாய்க்காரர் வீட்டில் மலாயிலும் பேசி எல்லாரையும் வெளியே அனுப்பினார். தெருக்கோடிக் கடை வாசலில் வந்து நின்ற பிறகுதான் கவனித்தேன், கூட்டத்தில் அங்கிள் இல்லை. ஆன்ட்டியின் கட்டில் எங்கள் சமையலறைச் சுவரை ஒட்டி இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போன் செய்தேன்.

"ஆளுங்க இருக்காங்க அங்கிள். ஆன்ட்டிய தூக்கிட்டு வந்துடலாம்."

"வேணாம்மா. என் பொண்டாட்டிக்காக அடுத்தவங்க பிள்ளைய உள்ள வரச் சொல்ல முடியாது. கட்டில முன்னறைக்குத் தள்ளிட்டேன். நான் கூட இருக்கேன்."

நான் பதில் சொல்லுமுன் போனை வைத்துவிட்டார்.

போலீஸ் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். பாதுகாப்பு உடை அணிந்தவர்கள் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே போனார்கள். ஆன்ட்டியைக் கொண்டுவந்தபோது அங்கிள் எங்கள் வீட்டுக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் நடுவில் மறைத்தபடி நடந்து வந்தார். தலை வாரி, பவுடர் போட்டிருந்த ஆன்ட்டி என்னைப் பார்த்ததும் குழறலாகக் கேட்டார்.

"கொசு மருந்து அடிச்சு முடிச்சாச்சா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கிளைப் பார்த்தேன். லேசாகத் தலையசைத்தார். கொசு மருந்து அடிப்பதாகத்தான் ஆன்ட்டியிடம் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் ஆன்ட்டி," என்றேன்.

மத்தியானம் குண்டை எடுத்துப்போய்க் கடலோரத்தில் வெடிக்க வைத்தார்கள். அந்தச் சத்தம் எங்கள் தெருவரை கேட்டது. இடி என்று ஆன்ட்டியிடம் சொன்னார் அங்கிள்.

அதற்குப் பிறகு ஆன்ட்டி அதிக நாள் இருக்கவில்லை. போன வருடம் அங்கிளும் போய்விட்டார். சவப்பெட்டியின் மேல் கொடி போர்த்தி, பழைய ராணுவ நண்பர்கள் வரிசையாக நின்று சல்யூட் வைத்தார்கள். காட்டில் அவர் என்னவெல்லாம் செய்தார் என்று அவர்கள் சொல்லித்தான் அவருடைய பெண்களுக்கே தெரிந்தது.

எனக்கு, அந்த முன்னறையில் அவர் பதற்றத்தைக் காட்டாமல் ஆன்ட்டிக்குத் தலை வாரிவிட்டதே போதும். இப்போதும் வீட்டில் யாருக்காவது ஒன்று என்றால், ஓடிப்போய் அவர்கள் பக்கத்தில் உட்காரும் முன் வாசலில் ஒரு நிமிடம் நின்று, என் முகத்தையும் குரலையும்தான் முதலில் சரிசெய்துகொள்கிறேன்.