மாசியில்தான் சறுக்க முடியும்

சுற்றுலா ஆபீஸ் வேலையில் எந்த போனை வேண்டுமானாலும் தைரியமாக எடுக்கலாம், பனி பார்க்கப் போன இடத்தில் பனி இல்லாமல் நிற்கிறவர் போனைத் தவிர. போன அரையாண்டு லீவில் அப்படி ஒரு போன் காலை ஒன்பது மணிக்கு வந்தது. முதலாளி நம்பரைப் பார்த்தார். "நீ பேசுடா" என்று போனை என் பக்கம் தள்ளிவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

கொள்ளிடத்து மாமா

பேசியவர் ஸ்ரீரங்கம் உத்தர வீதி மாமா ஒருவர். குடும்பத்தோடு ஒன்பது பேர் மணாலியில் நிற்கிறார்கள். மலை முழுக்கக் காய்ந்த புல். சறுக்குக் கட்டை வாடகைக்குக் கொடுத்தவன், அதைக் காலில் கட்டிக்கொண்டு புல்லின் மேலேயே நின்று போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான். நாங்கள் கொடுத்த நோட்டீஸில் 'பனிக்கு உத்தரவாதம்' என்று போட்டிருந்தது. அதை எழுதியது முதலாளி. பதில் சொல்ல வேண்டியது, பிளஸ் டூ முடித்துவிட்டு காலேஜ் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் நான்.

"இன்னும் நாலு நாள்ல பெய்யும் மாமா" என்றேன். அவருக்கு மறுநாளே திரும்புகிற ரயில். கத்துவார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேத்தி அழுகிற சத்தம் பின்னால் கேட்டது. அவர் நிதானமாகச் சொன்னார்: "ஏண்டாப்பா, பனி இல்லாமத்தான் சறுக்கணும்னா நம்ம கொள்ளிடத்து மணல்லயே சறுக்கியிருப்போமே, அதுக்கு மூணு நாள் ரயில்ல வரணுமா?"

பதினாலு தார்

பொங்கல் முடிந்த வாரம், தொட்டியத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ரத்தினம் ஐயா வாழை விவசாயி. தார் வெட்டி லாரியில் ஏற்றிவிட்ட கையோடு வந்திருந்தார், வெள்ளைச் சட்டையில் அங்கங்கே வாழைக்கறை. கூட வந்தது அவர் மகள் சுகன்யா அக்கா. முசிறியில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. நிச்சயம் ஆகிவிட்டது, வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை, கல்யாணம் முடிந்ததும் அங்கே போய்விட வேண்டும். அஞ்சாவது படிக்கும்போது டிவியில் பனிச்சறுக்குப் பார்த்துவிட்டு அக்கா கேட்டிருக்கிறது. "இந்தத் தார் வெட்டட்டும் பாப்பா, கூட்டிட்டுப் போறேன்" என்று ஐயா சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் பதினாலு வருஷத் தார் வெட்டியாகிவிட்டது. இந்த வருஷம் விட்டால் இல்லை.

முதலாளி சித்திரை டூர் நோட்டீஸை நீட்டினார். கூட்டமாக ரயிலில் போய் வருவது, சாப்பாடு சேர்த்து, ஐயா கைக்கு எட்டுகிற விலை. ஐயா முகம் மலர்ந்துவிட்டது. அக்காதான் என்னைப் பார்த்துக் கேட்டது, "சித்திரையில சறுக்க முடியுமா தம்பி?" இதற்கு ஆபீஸில் ஒரு பதில் வைத்திருக்கிறோம். 'போன வருஷம் இருந்துச்சு' என்று சொல்ல வேண்டும். பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் அந்தப் பேத்தி அழுகை.

"முடியாதுக்கா. எங்கேயோ ஒரு மலை உச்சியில வெள்ளையாத் தெரியும். அவ்வளவுதான்" என்றேன். முதலாளி நாற்காலியைச் சத்தமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பனியைப் பார்த்தா போதாதா பாப்பா, சறுக்கித்தான் ஆகணுமா?" என்றார் ஐயா. அக்கா நோட்டீஸை அவர் கையிலிருந்து வாங்கி மடித்தது. "பார்க்கறதுக்கு டிவி இருக்குப்பா. எனக்கு அந்தக் கட்டையைக் கால்ல கட்டிக்கிட்டு ஒரு தடவை விழணும்."

காலண்டர்

நீங்களும் இப்படி ஒரு கவுண்டரில் உட்கார்ந்து, நீங்கள் பார்க்காத ஒன்றை அடுத்தவருக்கு விற்கிறவராக இருந்தால் என் கஷ்டம் புரியும். நம்பிப் போகிற மாதிரி பனி கிடப்பது தை கடைசியிலிருந்து மாசி முடிய. அப்போது யாராவது கிளம்புவார்களா? மார்கழியில் லீவு உண்டு, பனி பெய்தால் பெய்யும், இல்லாவிட்டால் புல். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் வைகுண்ட ஏகாதசியை விட்டுவிட்டு அப்போதும் நகர மாட்டார்கள். தையில் பொங்கல், அது முடிந்தால் வரிசையாகக் கல்யாணம். மாசியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. எல்லாம் ஓய்ந்து சித்திரையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவார்கள், பனி உருகி ஆற்றில் போன பிறகு.

அன்றைக்கு, காஷ்மீர் குல்மார்க்கில் தெரிந்த பஷீர் பாயிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அக்காவை அனுப்பிவிட்டு, நான் சுவரில் இருந்த தினசரி காலண்டரைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அக்காவுக்குப் பரீட்சை இல்லை. ஐயாவுக்குத் தார் வெட்டியாகிவிட்டது. மாசி அவர்களுக்குக் காலியாக இருந்தது. டிக்கெட் போடும் ரெஜினா அக்கா கம்ப்யூட்டரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னது: "பனிக்கும் நம்ம ஊருக்கும் பத்துல ஒரு பொருத்தம்கூட இல்லடா, நீ என்ன தேதி பார்க்கற?"

பஷீர் பாய்

காலையில் ஆபீஸ் திறந்ததும் என் முதல் வேலை சாமி படத்துக்குப் பூ வைப்பது. இரண்டாவது வேலை குல்மார்க்கில் இருக்கும் பஷீர் பாய்க்கு வீடியோ கால் போடுவது. அங்கே அவர் சறுக்கக் கற்றுக் கொடுப்பவர். என் இந்தி போனில் கற்றுக்கொண்ட இந்தி. 'பனி எவ்வளவு?' என்பது மட்டும் சுத்தமாக வரும். அவர் பதில் சொல்ல மாட்டார். போனைத் திருப்பிவிட்டு நடப்பார். கால் முழங்கால் வரை உள்ளே போகும். மிதிக்கும்போது ஒரு சத்தம் வரும், புது மூட்டை அரிசியில் கையை விட்டால் வருகிற மாதிரி. சரியா தப்பா தெரியாது, போன் வழியாக எனக்கு அப்படித்தான் கேட்கிறது. ஒரு நாள் கீழே ஐஸ்கிரீம் கடைக்காரர் பெட்டியைக் கழுவும்போது, ஓரத்தில் படிந்திருந்த வெள்ளையைக் கையில் அள்ளிப் பார்த்தேன். பால் வாடை அடித்தது. அது இல்லை.

இரண்டு பேர் போய்ச் சறுக்கக் குறைந்த செலவில் வழி உண்டா என்று அவரிடம் கேட்டேன். பக்கத்திலேயே ஒரு பயிற்சிப் பள்ளி இருக்கிறதாம். புதிதாகக் கற்கிறவர்களுக்குப் பத்து நாள் வகுப்பு. தங்க இடம், சாப்பாடு, கட்டை, பூட்ஸ் எல்லாம் அவர்களே கொடுத்துவிடுவார்கள். எங்கள் சித்திரை டூரைவிட அதிகம் ஆகாது. பெண்களுக்குத் தனி விடுதி. மாசி முதல் வாரம் ஆரம்பம், நாலு இடம் பாக்கி. ஒரே ஒரு சிக்கல். முப்பது வயது தாண்டியவர்களைச் சேர்க்க மாட்டார்கள்.

ஷுக்ரியா என்று நன்றி சொல்லிப் போனை வைக்கப் போனேன். அவர் விடவில்லை. அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்: "ரெண்டு வருஷமா தினம் பனி எவ்வளவுன்னு கேட்கிற, நீ எப்ப வர்றன்னு நான் கேட்டா மட்டும் லைனை கட் பண்ற."

அனுப்பி வைக்கிறது வேற

ரிஜிஸ்டரில் இருந்தது ஐயா நம்பர்தான். தோட்டத்தில் இருந்தார், மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். நல்ல செய்தி சொல்கிற சந்தோஷத்தில் வயது விஷயத்தைக் கடைசியில் வைத்துவிட்டேன். மோட்டாரை நிறுத்தினார் போல. சத்தம் நின்றுவிட்டது.

"அப்ப அவ மட்டும் போகணுமா?" என்றார். ஆமாம் என்றேன். "நிச்சயம் பண்ணின பொண்ணு தம்பி. பத்து நாள் எங்கேன்னு மாப்பிள்ளை வீட்ல கேட்டா நான் என்ன சொல்ல? கால் கீல் உடைஞ்சு வந்தா மணையில எப்படி உட்காரும்?" உடையாது என்று சொல்ல நான் என்ன கண்டேன். சண்டையே இல்லாத குரலில், "நான் கூட்டிட்டுப் போறேன்னுதான் சொன்னேன். அனுப்பி வைக்கிறேன்னு சொல்லல. அது வேற தம்பி" என்றார்.

அவருக்கும் பார்க்க ஆசை இருந்திருக்கிறது. பதினாலு வருஷமாக அதை மகள் ஆசை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அப்போதுதான் புரிந்தது, புரிந்து என்ன செய்ய. அவர் கடைசியாகச் சொன்னது இது: "பாப்பா வந்து கேட்டா, இடம் முடிஞ்சுபோச்சுன்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்பும், சித்திரைக்கு நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்துடறோம்."

புதன்கிழமை

முதலாளிக்கு விஷயம் தெரிந்ததும் சந்தோஷம். சித்திரை டூரில் இரண்டு சீட் நிற்கும். "பெத்தவரு சொன்னபடி சொல்லு. குடும்ப விஷயத்துல உன் வாய நுழைக்காத" என்றார். நியாயமாகத்தான் பட்டது. சொல்லிப் பார்த்துக்கூட வைத்துக்கொண்டேன், 'முடிஞ்சுபோச்சுக்கா, ஸாரிக்கா' என்று.

புதன்கிழமை மத்தியானம் சுகன்யா அக்கா தனியாக வந்தது. டூட்டி முடித்து முசிறியிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்துக்கு நின்றுகொண்டே வந்திருக்கிறது, முகமெல்லாம் வேர்வை. "பஷீர் பாய்கிட்ட கேட்கறேன்னு சொன்னீங்களே, கேட்டீங்களா?" என் கம்ப்யூட்டரில், குல்மார்க் மலையில் வைத்திருக்கிற கேமராவின் நேரடிப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே பெய்துகொண்டிருந்தது. அக்கா பதிலுக்குக் காத்திருந்ததா, பனியைப் பார்த்துக்கொண்டிருந்ததா தெரியவில்லை. ரெஜினா அக்கா அவசரமாக எதையோ தேட ஆரம்பித்தது. முதலாளி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"வகுப்பு இருக்குக்கா. நாலு இடம் பாக்கி. வெள்ளிக்கிழமை கடைசி" என்றேன்.

"அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"இடம் முடிஞ்சுபோச்சுன்னு சொல்லச் சொன்னாரு."

அக்கா கோபப்படவில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை. "விழுந்தா ரொம்ப வலிக்குமா தம்பி?" என்று கேட்டது. "தெரியாதுக்கா, நான் போனதில்ல" என்றேன். அதற்கு மட்டும் லேசாகச் சிரித்தது. பிறகு பையிலிருந்து ஆதார் கார்டை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னது: "ஃபாரத்தைக் கொடுங்க, எழுதி வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். போகக்கூடாதுன்னா அதை அப்பா அவர் வாயால என்கிட்ட சொல்லட்டும்."

'முடிஞ்சுபோச்சு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தொட்டியத்திலும் நல்ல பையன், ஆபீஸிலும் நல்ல பையன் என்று பேர் வாங்கியிருப்பேன். நான் பேனா மூடியைக் கழற்றி அக்காவிடம் நீட்டினேன்.