தண்ணீருக்குள் நீண்ட கை

ஹட்டனுக்கு அருகே ஒரு நீர்த்தேக்கத்தில் சனி, ஞாயிறுகளில் ஸ்கூபா டைவிங் சொல்லிக் கொடுக்கிறேன். போன மாதம் வந்த குழுவில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முன்பு வேலையை மேற்பார்வை செய்த கண்டாக்கு இருந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நான் அவரை மறந்ததேயில்லை. கொழுந்தில் முற்றல் இலை கிடந்ததென்று என் அம்மாவின் கூடையை எல்லோர் முன்னாலும் உதைத்துக் கொட்டியவர் அவர். அம்மா மண்டியிட்டுப் பொறுக்கியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை, முகமூடியைத் தண்ணீருக்குள் கழற்றி மாட்டும் பயிற்சியை அவருக்கு மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தேன். குளிரில் அவர் உதடு நீலம் பூத்தது. எனக்கு அது போதவில்லை.

ஞாயிறு ஆழத்துக்குப் போனோம். அவர் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தது. பதறிப்போய்க் காற்றுக்குழாயை வாயிலிருந்து பிடுங்கிவிட்டு, என்னை நோக்கிக் கையை நீட்டினார். நான் அசையாமல் பார்த்தேன். ஒரு கணம்தான். ஆனால் அந்தக் கணத்தில் அவர் சாகட்டும் என்றே நினைத்தேன். பிறகு என்னிடமிருந்த உதிரிக் குழாயை அவர் வாயில் திணித்து மேலே கொண்டுவந்தேன்.

கரையில் இருமியபடியே, "நீங்க இல்லாட்டி செத்திருப்பேன் மிஸ்," என்றார்.

"நான் லெச்சுமி மக. நீங்க கொழுந்துக் கூடைய ஒதச்சீங்களே, அந்த லெச்சுமி."

"எந்த லெச்சுமிங்க?"

உண்மையாகவே அவருக்கு நினைவில்லை. கூட வந்தவர்கள் காதில் விழும்படி, அன்று தோட்டத்தில் நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை.

அவர் துடித்தபோது கிடைக்காத ஆறுதல், அம்மாவின் பெயரை அத்தனை பேர் முன்னால் சொன்னபோது கிடைத்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அந்த ஒரு கணத்தை மட்டும் சொல்லவில்லை.