ஏழாம் காம்பிராவின் இரண்டாவது குடும்பம்

கட்டுகஸ்தோட்டையில் மருந்துக்கடை ஒன்றின் மேல்மாடியில் இயங்கும் அந்தச் சின்னக் கம்பனிக்கு ஒப்பிடுகிற வேலை எது வந்தாலும் அது கிருஷாந்தியின் மேசைக்குத்தான் போகும். ஒரே மனிதர்களைப் பற்றி இரண்டு இடங்கள் தனித்தனியாக டேட்டாபேஸ் வைத்திருக்கும். ஒன்று இருப்பது மற்றதற்குத் தெரியாது. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு டேபிளை எடுத்து, இரண்டிலும் உள்ள ஓர் இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு, இதில் இருந்து அதில் இல்லாதவர் யார், அதில் இருந்து இதில் இல்லாதவர் யார், இரண்டிலும் இருந்தும் விபரம் முரண்படுகிறவர் யார் என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். கேட்க லேசாகத்தான் இருக்கும். செய்து பார்த்தால் கண் பூத்துப்போகும். ஏழு வருடமாகச் செய்கிறாள், இன்றுவரை ஒரு பிழை வந்ததில்லை என்று முதலாளி ஷிஹாப் வருகிற போகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார்.

அவளுக்கு வயது முப்பத்திரண்டு. ஊர் எது என்று கேட்டால் "தெல்தெனிய" என்பாள். அது முழுப்பொய் இல்லை. தெல்தெனியவில் பஸ் மாறி இன்னும் ஒரு மணித்தியாலம் மலையேறினால் ஒரு தேயிலைத் தோட்டம் வரும். அதன் மேல்பிரிவில், ஒற்றை அறைகள் வரிசையாக ஒட்டிய நாலாம் லயத்தின் ஏழாம் காம்பிராவில்தான் அவள் பிறந்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருத்தி, "நீங்க தோட்டமா? பாத்தா அப்படித் தெரியவே இல்ல" என்று சொன்னாள். கன்னத்தில் அறைய வேண்டிய பேச்சு அது. கிருஷாந்தியோ அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள். அங்கேதான் அவள் கெட்டாள். அதற்குப் பிறகு தோட்டம் என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை.

அந்த ஏழாம் காம்பிராவில் இரண்டு குடும்பங்கள் இருந்தன. கொழுந்து பறிக்கும் அம்மா ரத்தினம்மா ஒரு குடும்பம். தெல்தெனியவில் இரும்புக்கடையில் வேலை செய்யும் அண்ணன் ஜெயராஜ், அண்ணி நிலூஷா, இரண்டு பெண்பிள்ளைகள் இன்னொரு குடும்பம். தோட்டத்தில் பிள்ளைக்குக் கல்யாணம் முடிந்தால் புது வீடு எங்கிருந்து வரும்? நடுவில் பலகை அடித்து, புது அடுப்பை முன்திண்ணையான இஸ்தோப்பில் மூட்டுவார்கள். அடுப்பு வேறானால் குடும்பம் வேறு. கிராம சேவகரும் அடுப்பை எண்ணித்தான் குடும்பம் எழுதுவார். தோட்டத்து ஒபிஸ் மட்டும் கதவைத்தான் எண்ணும். ஒரு கதவுக்கு ஓர் இலக்கம், ஓர் இலக்கத்துக்கு ஒரு பெயர், அதுவும் தோட்டத்தில் வேலை செய்கிறவரின் பெயர். மலையில் பிறந்த குழந்தைக்குக்கூட இந்தக் கணக்கு தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முந்திய மழையில் மேல்பிரிவின் மலை சரிந்தது. ஆட்கள் தப்பினார்கள். லயங்களின் சுவர்கள் வெடித்துப்போயின. சனம் முழுவதும் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலைக்குள் போய் அடைந்தது. வெளிநாட்டு நிறுவனமொன்று புது இடத்தில் தனித்தனி வீடு கட்டித்தர ஒப்புக்கொண்டது. குடும்பத்துக்கு ஒரு வீடு. பன்னிரண்டு வருடம் பலகைக்கு அந்தப்பக்கம் குடித்தனம் நடத்திய நிலூஷா, தன் வீட்டில் அடுப்பு வைக்கிற குசினிக்கு எந்தப் பக்கம் ஜன்னல் வைப்பார்கள் என்று கிருஷாந்திக்கு போன் எடுத்துக் கேட்கிற அளவுக்கு ஆசைப்பட்டாள்.

வீடு கொடுப்பதற்கு முன் பெயர்களைச் சரிபார்க்கும் வேலை ஷிஹாபின் கம்பனிக்கு வந்தது. கிராம சேவகர் எழுதிக் கொடுத்த பிரதேச செயலகத்தின் டேபிளில் முந்நூற்றுப் பதினெட்டுக் குடும்பங்கள். தோட்டத்தின் டேபிளில் நூற்றெண்பத்தேழு வரிசைகள். அண்ணனைப் போல வெளியில் வேலை செய்கிறவர்களின் பெயர் தோட்டத்து டேபிளில் கிடையாது. ஆகவே இரண்டையும் சேர்த்துப் பிடிக்க இருந்தது லய இலக்கமும் காம்பிரா இலக்கமும் மட்டும்தான். கோப்பைத் திறந்ததும் கிருஷாந்தி தோட்டத்தின் பெயரைக் கண்டாள். இது எங்கள் தோட்டம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

மூன்றாம் நாள் காலை ஷிஹாப் அவளுடைய கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். பக்கத்து மேசை அரூஸும் எட்டிப் பார்த்தான். அலவத்துகொடக்காரன், வாய்த்துடுக்கு அதிகம், மனதில் ஒன்றும் கிடையாது.

"இதென்ன கிருஷாந்தி, ஒரே காம்பிரா நம்பர்ல ரெண்டு மூணு பேர் ஈக்குதே?" என்றார் ஷிஹாப்.

அவள் பதில் சொல்வதற்குள் அரூஸ் சிரித்தான். "ஒரு ரூமுக்குள்ள மூணு குடும்பமா? எப்படியாம் படுக்கிற, ஒருத்தருக்கு மேல ஒருத்தரா? பச்சக் களவு சேர் இது. ஊட்டுக்கு ஆசப்பட்டு ஒரே நம்பர எல்லாரும் குடுத்தீக்கி."

திரையில் அந்த நேரம் நாலாம் லயம்தான் நின்றது. ஏழாம் காம்பிரா, ரத்தினம்மா. அதற்குக் கீழே ஏழாம் காம்பிரா, ஜெயராஜ். இரண்டு பெயரையும் அவள் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். அப்படித்தான் படுப்போம் சேர், நான் அங்கேதான் படுத்தேன், என் பரீட்சைக்கு இடம் விட்டு அண்ணனும் அண்ணியும் மூன்று மாதம் இஸ்தோப்பில் சாக்கு விரித்துப் படுத்தார்கள் என்று சொல்ல வேண்டிய இடம் அது. அரூஸின் சிரிப்பு இன்னும் முடிந்திருக்கவில்லை. அந்தச் சிரிப்பு தன் பக்கம் திரும்பிவிடும் என்று பயந்தாள்.

"நீங்க என்ன செல்றீங்க?" என்று ஷிஹாப் கேட்டார். அவள் சொல்வதைத்தான் அவர் எழுதப்போகிறார் என்பது அவளுக்குத் தெரியும்.

"டூப்ளிகேட் சேர்," என்றாள். "தோட்டத்து டேபிள்ல உள்ள பேரை வச்சுக்கிட்டு மத்ததை எடுத்துருவோம்."

ஒரு கட்டளை எழுதினாள். கண் மூடித் திறப்பதற்குள் நூற்று முப்பத்தொரு குடும்பங்கள் இல்லாமல் போயின. மேலே அனுப்பினால் யாராவது பார்த்துத் திருப்பிச் சேர்ப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். யார் பார்க்கப் போகிறார்கள்? பார்ப்பதற்குத்தானே இவளிடம் கொடுத்தார்கள். "ஒப்பிட்டவர்" என்ற இடத்தில் கையொப்பமும் அவளுடையது.

இரண்டு மாதம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரம் அண்ணன் போன் எடுத்தான்.

"தங்கச்சி, லிஸ்ட் ஒட்டிட்டாங்க. அம்மா பேரு இருக்கு. எங்க பேரு இல்ல."

"நல்லாப் பாத்தீங்களாண்ணே?"

"நாலு வாட்டி பாத்தாச்சு. நம்ம மட்டுமில்ல, பாதி சனத்துக்கு இல்ல. இங்க ஒரே அழுகை. ஒங்கண்ணி காலையில இருந்து வாயத் தொறக்கல." பிறகு சொன்னான்: "நீ கம்ப்யூட்டர் வேலதானே செய்யிற, யாரு வெட்டுனாங்கன்னு பாத்துச் சொல்ல முடியுமா?"

சோற்றுப் பார்சலை அப்படியே மடித்து வைத்துவிட்டு ஷிஹாபின் அறைக்குள் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். பிறந்த இடம், பலகை, அடுப்பு, அண்ணன் எல்லாம். ஏழு வருடம் மென்று விழுங்கியதைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"எங்க ஊட்டிலயும் கடைக்குப் பின்னால ஒரே அறையிலதான் எட்டுப் பேர் வளந்த," என்றார் ஷிஹாப். "அன்னைக்கே செல்லியிருந்தா ஒரு நிமிஷ வேலை."

"இப்ப மாத்த முடியாதா சேர்?"

"நான் கேட்டுப் பாக்குறேன்."

உண்மையாகவே கேட்டார். மூன்று கடிதம் எழுதினார், இரண்டு தரம் நேரிலும் போனார். நிலம் நூற்றெண்பத்தேழு வீட்டுக்கு வெட்டி முடிந்துவிட்டது, உங்களுடைய கம்பனிதான் டூப்ளிகேட் என்று கையொப்பமிட்டுத் தந்தது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று பதில் வந்தது. வீடு கிடைக்காதவர்கள் ஸ்திரமான லயங்களுக்குத் திரும்பலாம் என்றும் அதே கடிதத்தில் இருந்தது. ஸ்திரமான லயம் எது என்று ஒருவரும் எழுதவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தோட்டத்துக்குப் போனாள். தொழிற்சாலைக்குள் கொழுந்து வாட்டுகிற தட்டுகளுக்கு நடுவே குடும்பங்கள் பாய் விரித்திருந்தன. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். நிலூஷா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வெடித்த ஏழாம் காம்பிராவுக்கே திரும்புவதாக முடிவு செய்திருந்தார்கள். அம்மாவுக்குக் கிடைக்கிற புது வீட்டில் அம்மாவைத் தவிர வேறு குடும்பம் தங்கக் கூடாது என்று கடதாசியில் கையெழுத்து வாங்கியிருந்தார்களாம்.

கிருஷாந்தி நின்றபடியே சொன்னாள். "அண்ணே, அந்த லிஸ்டை வெட்டுனது நான்தான்."

அண்ணன் நம்பவில்லை. திரும்பவும் சொன்னாள். அரூஸ் சிரித்ததை, முதலாளி கேட்டதை, தான் டூப்ளிகேட் என்று சொன்னதையெல்லாம் சொன்னாள். மூட்டையின் முடிச்சைப் பிடித்த கையோடு நிலூஷா நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால் கிருஷாந்தி தாங்கியிருப்பாள். நிலூஷா திட்டவில்லை.

ஜெயராஜ் மெல்லக் கேட்டான்.

"முந்நூறு பேரு இருக்குற லிஸ்ட்ல எங்க பேரு எங்க கெடந்துச்சோ. நீ பாத்திருக்க மாட்ட, இல்லியா?"

பார்த்தேன் என்று சொல்லத்தான் மலையேறி வந்திருந்தாள். அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்ற ஒரு சொல்லுக்காக அந்த முகம் கெஞ்சிக்கொண்டிருந்தது.

"பாக்கலண்ணே," என்றாள்.

ஜெயராஜ் பெருமூச்சு விட்டு மனைவியின் பக்கம் திரும்பினான். "கேட்டுக்கிட்டியா? தெரியாமத்தான் செஞ்சிருக்கு. தெரிஞ்சு செய்யுமா நம்ம புள்ள?"