பாக்கியத்தின் அறையில் தூங்கிய பிள்ளைகள்

பாக்கியம் பிள்ளைகளின் பாலில் எதையும் கலக்கவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும், கலந்தாள் என்று ஊர் நம்பிக்கொண்டிருக்க விட்டேன்.

இதை உங்களிடம் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். எதையும் ஒழுங்காகச் செய்பவள் என்றுதான் எனக்குப் பெயர்...

மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்திய ஆண்டு. மலாக்காவில், காஜா பெராங் பகுதியில் ஒரு பலகை வீட்டில் எங்கள் சங்கம் பாலர் பள்ளி நடத்தியது. நான் பொறுப்பாசிரியை. முன்னறையில் பெரிய பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தந்தேன். பின்னறையில் சின்னவர்களைப் பாக்கியம் பார்த்துக்கொண்டாள். அவள் மலாக்காச் செட்டிப் பெண், பல தலைமுறைக்கு முன்பே அங்கே குடியேறிய வம்சம். தமிழ் வராது, மலாய்தான். நல்ல பள்ளி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. சுத்தமான பாதம், கட்டிய கை, தூசி நுழையாத அறை. பின்பக்கச் சன்னல்களை ஆணியடித்தே மூடச் செய்திருந்தேன்.

ஒருநாள் சங்கச் செயலாளர் சின்னையா வந்தார். பின்னறையில் எல்லாப் பிள்ளைகளும் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"என் பேரன் வீட்டுல பகல்ல கண்ண மூடவே மாட்டான், டீச்சர். இங்க என்ன மந்திரம் போடுறீங்க?" என்று சிரித்தார்.

விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கோ உள்ளே நெருடியது. என் அறையில் எந்தப் பிள்ளையும் அப்படித் தூங்கியதில்லை. ஒரே வீடு, ஒரே பால்... இவள் அறையில் மட்டும் ஏன்?

அன்றுமுதல் அவளைக் கவனித்தேன். பால் கிண்ணங்களை முகர்ந்தேன். அவள் இடுப்பில் செருகியிருந்த துணிப்பையில் வெற்றிலை வாசம் அடித்தது. வெற்றிலை மட்டும்தானா? நேராகவே கேட்டேன்.

"பூடாக் பெனாட், டீச்சர்," என்றாள். பிள்ளைகள் களைத்துவிட்டார்களாம். அறைக்குள் இருக்கும் பிள்ளைக்கு என்ன களைப்பு? மழுப்புகிறாள் என்று முடிவு கட்டினேன்.

சின்னையாவிடம், "பால்ல எதையோ கலக்குறாளோன்னு சந்தேகமா இருக்குங்க ஐயா," என்றேன். அபின் என்ற சொல்லை நான் சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன்... ஏன் அழுத்துகிறேன்? சொல்லாமலே அவர்களைச் சொல்ல வைத்தவள் நான்தானே!

மறுநாள் தாய்மார்கள் வாசலில் கூடினார்கள். "அபினக் குடுத்துப் பிள்ளைங்கள மயக்கிட்டு, இவ சொகமா வெத்தல போட்டுக்கிட்டு இருந்திருக்கா பாரு," என்றாள் ஒருத்தி.

பாக்கியத்துக்கு அந்தத் தமிழ் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். நான் அதை மலாயில் சொல்லவில்லை. இனி வரவேண்டாம் என்பதை மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் சின்னவர்களை நானே பார்த்தேன். ஒருவரும் தூங்கவில்லை. கடித்தார்கள், கிள்ளினார்கள், பின்கதவைத் தட்டித் தட்டி அழுதார்கள். பொறுக்க முடியாமல் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

எல்லாரும் நேராக ரம்புத்தான் மரத்தடிக்கு ஓடினார்கள். அங்கே தாழ்வாக ஒரு கயிறு கட்டியிருந்தது. அதைப் பிடித்துத் தொங்கினார்கள், விழுந்தார்கள், மண்ணில் உருண்டார்கள். பிறகு, யாரும் சொல்லாமலே, கதவருகே இருந்த தண்ணீர்த் தொட்டியின் முன் கால் கழுவ வந்து நின்றார்கள். உள்ளே வந்ததும், பாய் விரிக்கும் முன்பே தூங்கிப்போனார்கள்.

நான் அதுவரை பால் காய்ச்சவே இல்லை.

அன்று மாலையே சின்னையாவிடம் போயிருக்கலாம். போகவில்லை. என் விழிப்பைச் சங்கமே பாராட்டிக்கொண்டிருந்தது. கயிற்றை அவிழ்த்தேன், கதவைத் தாழிட்டேன். சுதந்திர விழாவின்போது பார்வையிட வந்தவர்கள், பிள்ளைகள் கைகட்டி அமர்ந்திருந்த அழகைப் பார்த்து, இதுவே முன்மாதிரிப் பள்ளி என்றார்கள்.

இன்றும் என் மனம் ஒரு பொந்து தேடுகிறது... மற்ற நாட்களில் கலந்திருக்கலாமே? இப்படித்தான் கேட்கிறது. இந்த மனத்தையா நீங்கள் நம்புவீர்கள்?

போன மாதம், பள்ளிக்குப் பிள்ளை அனுப்பிய தாய் ஒருத்தி, இடுப்பில் கைக்குழந்தையுடன் என்னை வழியில் நிறுத்தினாள்.

"அந்தப் பாக்கியம் இப்ப கிளேபாங்குல எங்க வீட்டுப் பக்கந்தான் இருக்கு, டீச்சர். பிள்ளையப் பாத்துக்கிறேன்னு வந்து கேக்குது. யாரும் குடுக்கறதில்லையாம், ரொம்பக் கஷ்டப்படுது. விடலாமா? உங்களுக்குத்தான் தெரியும்."

ஒரு சொல் போதும். நாக்கு நுனிவரை வந்தது.

"உன் பிள்ளை. நீதாம்மா யோசிக்கணும்," என்றேன்.

அவள் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"நல்லவேளை, உங்களக் கேட்டேன்," என்றாள்.