பளிச்சக்காவின் ஆறாத துளை

விடுதியின் மூன்றாம் மாடியில் பதினெட்டு அறைகள். அத்தனையையும் கூட்டித் துடைப்பது அவள் பொறுப்பு. மேலாளர் வெள்ளைத் துணியால் கதவின் மேல்விளிம்பைத் துடைத்துப் பார்ப்பார். பத்தொன்பது வருடத்தில் அந்தத் துணி ஒருமுறைகூட அழுக்கானதில்லை. கூட வேலை செய்பவர்கள் அவளுக்குப் பளிச்சக்கா என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்படிப்பட்டவள் வயிற்றில்தான் இந்தக் கூத்து. பித்தப்பையில் கல் என்று நாலு சின்னத் துளை போட்டு எடுத்தார்கள். மூன்று ஆறிவிட்டன. தொப்புளுக்குப் பக்கத்துத் துளை மட்டும் முரண்டு பிடித்தது. பத்து நாள் மூடியிருக்கும், மறுபடி கசியும். நாலு மாதமாக இதே கதை. மாத்திரையை மாற்றிப் பார்த்தார்கள். மூன்று தடவை பஞ்சுக்குச்சியால் சீழைத் தொட்டெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்று தடவையும் கிருமி இல்லை என்றே தாள் வந்தது.

கிருமியே இல்லையென்றால் சீழ் எங்கிருந்து வருகிறது? அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பேருந்து ஓட்டும் கணவனோ, நீ நோண்டிக்கொண்டே இருக்கிறாயா என்று கேட்டுவைத்தான். அது சுருக்கென்று தைத்தது. மாதக் கடைசிக்குள் வேலைக்குத் திரும்பி வராவிட்டால் மூன்றாம் மாடியை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று மேலாளரும் நயமாகச் சொல்லிவிட்டார்.

நாலாவது தடவை, கட்டைப் பிரித்த நர்ஸ் மூக்கைச் சுளித்தாள். மருந்து வாசனை ஆளைத் தூக்கியது. இவள் பெருமையாகவே விளக்கினாள்: ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதெல்லாம் வெந்நீர் விட்டு, இருப்பதையெல்லாம் பிதுக்கி, மருந்து போட்டுத் துடைத்து, புதுக்கட்டு.

"டாக்டர் பாக்குற எடத்த அழுக்கா வச்சிருக்கலாமா?"

நர்ஸ் குச்சியைக் கீழே வைத்தாள். "கிருமிய வீட்டுலயே தொடச்சுப் போட்டுட்டு வந்தா, நாங்க எத்தப் பிடிக்கிறது? ரெண்டு நாள் தொடாம வாங்க."

அந்த இரண்டு நாளும் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கை தானாகப் பஞ்சு டப்பாவைத் தேடிப் போக, கணவன் அதை அலமாரி உச்சியில் வைத்துவிட்டான். கறை புடவை வரை வந்துவிட்டது. அதைக் கைப்பையால் மறைத்துக்கொண்டு பேருந்தில் போனாள். வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. நர்ஸ் மட்டும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

மெதுவாக வளரும் கிருமி வகையோ என்று டாக்டருக்குச் சந்தேகம். இந்தத் தடவை எடுத்த சீழைப் பல வாரம் வைத்துப் பார்க்கச் சொல்லி எழுதி அனுப்பினார். முடிவு வருவதற்குள் மாதக் கடைசி போய்விட்டது, மூன்றாம் மாடியும் போய்விட்டது. கிருமி அகப்பட்டுவிட்டது; ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் ஆறிவிடுமாம். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் சரியாத் தொடைக்காததாலயா டாக்டர்?"

"இல்லம்மா. இது தண்ணியில இருக்குற கிருமி. ஆபரேஷன் அன்னிக்கே உள்ள போயிருக்கணும். கருவிய எங்க ஆளுங்க சரியாக் கழுவலன்னு நெனைக்கிறேன்."

அவள் கொஞ்ச நேரம் அவர் மேசையையே பார்த்தாள். ஓரத்தில் தூசி இருந்தது. கோபமா குழப்பமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"கழுவுனதும் அத யாரு தொடச்சுப் பாப்பாங்க டாக்டர்?" என்று கேட்டாள்.

டாக்டர் பேனாவை மூடினார். மேசை ஓரத்துத் தூசியைக் கையால் துடைத்தார்.