மாமாவின் வண்டிக்கு நான் செய்த வேலைகள்

என் அக்காவின் கணவர் பல் செட் செய்கிறவர். ஊரில் பாதிப் பேரின் சிரிப்பு என் மாமாவின் கைவேலைதான். ஆனால் அவர் வாயைத் திறந்தால் வண்டியைத் தவிர வேறு பேச்சே வராது. நீளமான, தாழ்ந்த குரூசர் மோட்டார் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கால்களை முன்னால் நீட்டி, கைகளை அகல விரித்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்புவார்.

"ராஜா நகர்வலம் கிளம்பிட்டாரா?" என்று கிண்டல் செய்வேன். "பொறாமைடா உனக்கு" என்பார்.

அந்த வண்டியை அப்படி ஆக்கியதே நான்தான். எனக்கு வண்டிப் பட்டறை. சீட்டை மெல்லியதாக்கி, ஹேண்டில்பாரை அகலமாக்கி, ஃபுட்ரெஸ்ட்டை ஓர் அடி முன்னால் தள்ளிக் கொடுத்தேன். "முதுகு போயிடும் மாமா" என்று அப்போதே சொன்னேன். "முதுகு போனா போகட்டும், கெத்து போகக் கூடாது" என்றார். நானும் பல்லைக் காட்டினேன்.

இரண்டு வருடம் முன்பு ஒருநாள் வந்து நின்றார். "ஹேண்டில் எட்டாத மாதிரி இருக்குடா. கொஞ்சம் கிட்ட கொண்டு வா. ஆனா பாக்கிறவனுக்குத் தெரியக் கூடாது."

எனக்கு அந்த மாதிரி வேலை என்றால் உயிர். இரண்டு அங்குலம் பின்னால் இழுத்து, இணைப்பு தெரியாமல் கறுப்படித்தேன். வண்டியின் தோற்றம் நூலளவு மாறவில்லை. பட்டறைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் காட்டிப் பெருமையடித்தேன்.

நாலு மாதம் கழித்து, "கிளட்ச் கல்லு மாதிரி இருக்குடா" என்றார். பிடித்துப் பார்த்தேன். எனக்கு வெண்ணெயாக இருந்தது. ஆனாலும் கேபிளை மாற்றி, லீவரை நீளமாக்கிக் கொடுத்தேன். யார் எதைச் சொன்னாலும் கோளாறு வண்டியில்தான் என்று நினைப்பது பட்டறைக்காரன் புத்தி. பிறகு, காலைத் தூக்கி முன்னால் வைக்கக் கஷ்டமாக இருக்கிறது என்றார். ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னால் கொண்டுவந்தேன். கை மரத்துப்போகிறது என்றார். கைப்பிடிக்குள் தடித்த ரப்பர் வைத்து மேலே தோல் தைத்தேன். "வயசாகுது மாமா, ஒத்துக்கோங்க" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார்.

ஒருநாள் பட்டறை வாசலில் நின்ற வண்டி அவர் மேலேயே சாய்ந்தது. கால் வழுக்கிவிட்டது என்றார். தரை காய்ந்து கிடந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வண்டியின் உயரத்தைக் குறைத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன மாதம் வேலை அறையில் அவர் கையிலிருந்த மெழுகுப் பல் வரிசை நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்திருக்கிறார். விரல்கள் மடங்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர்தான் அக்காவுக்குப் போன் செய்தார். அக்கா மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள், நானும் கூடப் போனேன்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர், கழுத்துக்குள் தண்டுவடம் நசுங்கியிருக்கிறது என்றார். "எப்போலேர்ந்து இப்படி?"

"ஒரு மாசமா" என்றார் மாமா.

பொய். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. ஹேண்டில்பார், கிளட்ச், ஃபுட்ரெஸ்ட், கைப்பிடி, உயரம் எல்லாவற்றையும் மாதவாரியாகச் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"ஆபரேஷன் பண்ணா இதோட நிறுத்தப் பாக்கலாம். போனது திரும்பி வரும்னு சொல்ல முடியாது. மொதல்ல கை மரத்தப்பவே வந்திருந்தா கதையே வேற" என்றார்.

வெளியே நடைபாதையில் சுவரோரம் நின்று அழுதேன். ஊரே பார்த்தது, பார்க்கட்டும். மாமா பெஞ்சில் இருந்தபடி, "விடுடா. நீ இல்லேன்னா வண்டிய எப்பவோ நிறுத்தியிருப்பேன். ரெண்டு வருஷம் ஓட்டிட்டேன்ல?" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

அக்கா அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்து என்னை எதற்கெடுத்தாலும் திட்டுகிறவள், அன்றைக்குப் பொத்தானிலேயே கண்ணாக இருந்தாள்.

"திட்டுக்கா. நாலு அறை விடு" என்றேன்.

"உன்ன என்னத்தடா திட்டுறது? பட்டன் போட முடியாம நின்னாரு, கேட்டேன். படியில தடுக்குனாரு, கேட்டேன். வா, டாக்டர்கிட்ட போலாம்னு எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா? வண்டி ஒத்துக்கல, அதான் இப்படி, உன் தம்பி சரி பண்ணிட்டான்னு சொல்லுவாரு." அவள் கடைசிப் பொத்தானைப் போட்டு, காலரை நீவிவிட்டாள். "நீ கை வச்சிருக்கேன்னா சரியாயிடும்னு நானும் நம்பிட்டேன்டா."